இன்னொண்ணு அக்காவும் இரண்டு கேமராக்களும்

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. 'இன்னொண்ணு அக்கா' என்று கேட்டால் போதும், ஸ்டூடியோவுக்கு வழி காட்டிவிடுவார்கள். யாரைப் படம் எடுத்தாலும் ஒரு தடவை பொத்தானை அழுத்திவிட்டு, "அப்படியே இருங்க, இன்னொண்ணு" என்று இரண்டாவது தடவையும் அழுத்துவாள். முதல் படத்தில் எவராவது கண்ணை மூடியிருப்பார்கள் என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பாஸ்போர்ட் படமானாலும் இரண்டு, கல்யாண மண்டபமானாலும் இரண்டு. விரலுக்கே அது பழகிவிட்டது. டிக், டிக். குழம்புக்கு உப்புப் போடும்போதும் அக்கா விரல் இரண்டு தடவை தட்டும், அதனால்தான் கரிக்கிறது என்று அவளுடைய தம்பி கேலி செய்வான்.

ஸ்டூடியோவில் மொத்தம் மூன்று பேர். அக்கா, தம்பி, அக்காவின் வீட்டுக்காரர். அக்காவும் தம்பியும் கேமரா. வீட்டுக்காரருக்குச் சத்தம் பிடிக்கும் வேலை. எந்நேரமும் காதில் ஹெட்போன். எதிர்வீட்டு ஃபேன் கிறீச்சிடுவதெல்லாம் அவருக்குத் துல்லியமாகக் கேட்கும், பெண்டாட்டி கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் கேட்காது.

இப்போதெல்லாம் வருகிற வேலையில் முக்கால்வாசி வீடியோதான். அவர்களிடம் இருந்த பழைய கேமரா படம் எடுப்பதில் இன்னமும் கெட்டிதான். ஆனால் வீடியோ ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பு கொதித்து, திரையில் ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை சரியாக மோதிரம் போடும் நேரத்தில் அது படுத்துக்கொண்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள், வீடியோவுக்கென்று புதிதாக ஒரு கேமரா வாங்குவது என்று. ஒன்றுதான் வாங்க முடியும். எது என்பதில்தான் சண்டை.

"அக்கா, சினிமா கேமராதான்," என்றான் தம்பி, சாப்பாட்டு மேசையில் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு. "வீடியோக்குன்னே பொறந்தது. நாள் பூரா ஓடினாலும் சூடாகாது, உள்ளயே ஃபேன் இருக்கு. வெயில் ஜாஸ்தியா இருந்தா உள்ளயே கூலிங் கிளாஸ் மாதிரி ஃபில்டர் இருக்கு, ஒரு பட்டன அமுக்கினா இறங்கும். ஜன்னல் வெளிச்சமும் தெரியும், ஜன்னல் கீழ உக்காந்திருக்கிறவர் மூஞ்சியும் தெரியும்."

"அத வாங்கினா அதோட போச்சா?" என்றாள் அக்கா. "யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அலையணும். அதுக்குத் தனி பேட்டரி, தனி கார்டு, பெரிய ஸ்டாண்டு, தோள்ல வைக்க ஒரு திண்டு. ஹைப்ரிட் வாங்குவோம்டா. படமும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும். கைக்கு அடக்கமா இருக்கு. மூஞ்சியத் தானே தேடிப் புடிச்சு ஃபோகஸ் பண்ணுது. நடந்துகிட்டே எடுத்தாலும் ஆடல. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?"

"படம் எடுக்கத்தான் பழசு இருக்கே! இன்னொண்ணு எதுக்கு?"

"என் பட்டப்பேரு எதுக்கு இருக்கு?"

வீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "மாப்ள, அந்தப் பெரிசுல மைக் வயர நேரா சொருகலாமா?"

"ரெண்டு வயர் சொருகலாம் மாமா."

"ரெண்டா!" என்றார் அவர், இரண்டாவது லட்டு கிடைத்தவர் மாதிரி.

"கட்சி மாறிட்டார் பாரு," என்று அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. பெரிய கேமரா வந்தால் அது தம்பியின் கையில்தான் இருக்கும். அவன்தான் அதைப் பற்றி இரவு பகலாகப் படிக்கிறான், வீடியோ பார்க்கிறான், சிலிண்டர் மாதிரி இருக்கிற லென்ஸ்களின் பெயரைச் சொந்தக்காரர் பெயர் மாதிரிச் சொல்கிறான். அவள் பக்கத்தில் நின்று பேட்டரி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். இத்தனை வருஷம் கேமராவுக்குப் பின்னால் நின்றவள், இனிமேல் கேமராக்காரனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சின்னது வந்தால் அது அவளுடைய கையில் இருக்கும். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் இதை எப்படி வாயைத் திறந்து சொல்வது? பொறாமை என்று நினைத்துவிட்டால்?

கடைசியில் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். கேமரா கடையில் இரண்டையும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பது. ஒரே வேலையை ஆளுக்கு ஒன்றில் எடுப்பது. சாயங்காலம் டிவியில் போட்டுப் பார்த்து முடிவு செய்வது.

"ஆழம் தெரியாம காலை விட வேணாம்," என்றார். அடுத்து வந்த வேலை நீச்சல் குளத்தில் என்பது அப்போது அவருக்கே தெரியாது.

* * *

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தரும் வகுப்பு அது. அதை நடத்தும் கோச்சம்மாவுக்கு ஒரு சின்ன வீடியோ வேண்டியிருந்தது. "வயசாயிடுச்சு, இனிமே எங்கன்னு வீட்ல உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்க பாத்துட்டு அடுத்த நாளே துண்ட எடுத்துட்டுக் கிளம்பி வரணும்," என்று சொல்லியிருந்தாள்.

கண்ணாடிக் கூரை போட்ட உள்ளரங்கக் குளம். கதவைத் திறந்ததும் குளோரின் வாசம் மூக்கில் ஏறியது, கூடவே வெந்நீர் அறைக்குள் நுழைந்தது போல ஒரு புழுக்கம். இரண்டு கேமராக்களின் லென்ஸிலும் ஆவி படிந்தது. துடைத்துவிட்டுக் காத்திருந்ததும் லென்ஸ் தெளிந்துவிட்டது. அக்காவின் மூக்குக் கண்ணாடிதான் தெளியவில்லை. துடைப்பாள், போடுவாள், வெள்ளையாகும். மறுபடி துடைப்பாள். கடைசியில் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், கிட்டத்தில் இருக்கிற பொடி எழுத்துதான் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். திரையில் மூஞ்சி தெரிந்தால் போதாதா?

"ஏம்மா, அந்த பீப் சத்தத்த நிறுத்து," என்றார் வீட்டுக்காரர், நீளக் குச்சியில் மைக்கைப் பிடித்தபடி. "ஒவ்வொரு தடவ நீ அமுக்கும்போதும் காதுல குருவி கத்துது."

பீப் நின்றது.

தம்பி பெரிய கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளத்தோரம் போனான். அவ்வளவுதான், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கோச்சம்மா ஒரே நொடியில் செய்தி வாசிப்பவளாக மாறிவிட்டாள்.

"வணக்கம். நீச்சல் என்பது ஓர் உன்னதமான உடற்பயிற்சியாகும்."

"மேடம், சாதாரணமாப் பேசுங்க."

"சாதாரணமாகவே பேசுகிறேன்."

அக்காவுக்கு உள்ளுக்குள் குஷி. பெரிசைப் பார்த்து எல்லாரும் விறைத்துவிட்டார்கள், நம்ம சின்னதைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்? அவள் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா தவளை மாதிரி அழகாக நீந்தி வந்துகொண்டிருந்தாள். அக்கா கேமராவைத் தூக்கினாள். விரல் பழக்க தோஷத்தில் டிக், டிக் என்று இரண்டு தடவை அழுத்தியது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

பல் டாக்டர் கேமராவைப் பார்த்தாள். உடனே நீந்துவதை நிறுத்தினாள். முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்தாள். அப்படியே சிரித்தபடி தண்ணீருக்குள் இறங்கி மறைந்தாள்.

வெளியே வந்து இருமி முடித்ததும், "எடுத்தாச்சா?" என்றாள்.

"மேடம், இது போட்டோ இல்ல, வீடியோ. நீங்க பாட்டுக்கு நீந்துங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? அசையக் கூடாதுன்னு நெனச்சு மூச்சப் புடிச்சுட்டு முங்கிட்டேன்! போட்டோ கேமரா மாதிரி இருந்தா யாருக்குத் தெரியும்?"

அக்கா சிரித்துக்கொண்டே பொத்தானை ஒரு தடவை அழுத்தி நிறுத்தினாள். அதாவது, நிறுத்தியதாக நினைத்தாள். முதலில் அழுத்திய இரண்டில் ஒன்று ஓடவிட்டது, இன்னொன்று நிறுத்தியது. ஆகவே இப்போது அழுத்தியதுதான் உண்மையில் ஓடவிட்டது. திரையின் மூலையில் அதைச் சொல்லும் எழுத்து இருக்கத்தான் செய்தது, கடுகளவில். முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கும் எரிந்தது. அதைப் பார்த்த இன்னொருவரும் சட்டென்று நிமிர்ந்து தலையைச் சீவினார். அந்த விளக்கு இருக்கிற வரைக்கும் மனுஷர்களுக்குத் தொல்லைதான் என்று, அது எரிகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், அக்கா பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டாள்.

ஆக, பீப் இல்லை, விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. அதற்கப்புறம் அவள் மிகவும் ஜாக்கிரதையாக, கிளம்பும்போது தம்பி சொல்லியிருந்தபடி, ஒரு தடவைதான் அழுத்தினாள். எடுக்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று. அவள் எடுத்தபோதெல்லாம் கேமரா ஓய்வெடுத்தது. அவள் ஓய்வெடுத்தபோதெல்லாம் கேமரா எடுத்தது.

தலை சீவியவர் ஒரு ரயில் ஓட்டுநர். பெரிய ஆள், பெரிய மீசை. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பேரை இழுத்துக்கொண்டு போகிறவர். ஆனால் தண்ணீருக்குள் இறங்கினால் ஓரத்துக் கம்பியை விடமாட்டார். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து கம்பியைப் பிடித்தபடியேதான் காலை உதைக்கிறார். எல்லாரும் அவரை 'இன்ஜின் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இன்ஜின் சார், பிரேக்க விடுங்க. பச்ச விழுந்து எவ்ளோ நாளாச்சு!" என்றாள் பல் டாக்டர்.

"லைன் கிளியர் ஆகட்டும்மா. தண்டவாளம் இல்லாத எடத்துல வண்டி ஓட்டக் கூடாதுன்னு எங்களுக்கு ரூல் இருக்கு."

"என்கிட்ட பல்லு புடுங்க வந்தப்பவும் நாற்காலியோட கைய இப்படித்தான் புடிச்சிருந்தீங்க. பல்லு வந்துச்சு, உங்க கை வரல."

அக்கா பெஞ்சுக்கு வந்தாள். கேமரா கழுத்து வாரில் வயிற்றருகே தொங்கியது. வீட்டுக்காரர் மைக் குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் தம்பி பெரிய கேமராவோடு, தரையில் படுத்து, முட்டி போட்டு, என்னென்னவோ செய்துகொண்டிருந்தான். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் இறங்கித் தண்ணீர் முழுக்கத் தங்கத் தகடாக ஆடியது. வெளிச்சமும் தெரியும், மூஞ்சியும் தெரியும் என்று பெரிசைப் பற்றி அவன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஏங்க, அது நல்லாத்தான் எடுக்கும்ல?" என்றாள்.

"எது?"

"பெரிசு." கழுத்து வாரை இழுத்துச் சரிசெய்தாள். "நல்லா எடுக்கும்னு எனக்கும் தெரியும். அது வந்தா அவன் கைலதானே இருக்கும். நான் பை தூக்கிட்டு பின்னாடி போகணும். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், ஆசையா இருக்கான். ஆனா எனக்கு வேற என்ன தெரியும்? கேமராவப் புடிக்கத்தானே தெரியும்?"

வீட்டுக்காரர் அவள் கையை ஒரு தட்டு தட்டினார். "எல்லாம் சரியாப் போகும்மா." அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

பிறகு தம்பி கூப்பிட்டான். கோச்சம்மா குளத்தோரமாக நடந்தபடியே பேச வேண்டும். அவன் அவளுக்கு முன்னால், பின்பக்கமாக நடந்தபடி எடுப்பான். வீட்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குச்சியோடு பக்கவாட்டில் நடந்தார். அக்கா பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடி சின்னதில் இந்த மூன்று பேரையும் சேர்த்து எடுப்பதாகப் பொத்தானை அழுத்தினாள்.

கோச்சம்மா ஒருவழியாகச் சாதாரணமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். தம்பிக்கு ஒரே சந்தோஷம். அவள் முகத்தையே பார்த்தபடி பின்னால் ஒரு எட்டு, இன்னொரு எட்டு. குளம் அங்கே திரும்புகிறது. அவன் திரும்பவில்லை.

"பின்னாடி! பின்னாடி!" என்று தண்ணீரில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"இன்னும் பின்னாடி போகணுமா?" என்றான் தம்பி. போனான்.

தொப்பென்று சத்தம். தம்பியைக் காணவில்லை. தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. கைகளுக்கு மேலே கேமரா தெரிந்தது, ஒரு சொட்டுகூட நனையாமல். பிறகு கைகளுக்கு நடுவே மெதுவாக ஒரு தலை முளைத்தது.

"அக்கா!" என்றது அந்தத் தலை.

அக்கா பொத்தானை ஒரு அழுத்து அழுத்தி, சின்ன கேமராவைப் பெஞ்சில் துண்டின்மேல் வைத்துவிட்டு ஓடினாள். குளத்தோரத்தில் வயிறு தரையில் படக் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் பெரிசை வாங்கினாள்.

"ஓடிட்டு இருக்கு! ஆஃப் பண்ணிடாதக்கா!" மூக்கிலிருந்து தண்ணீர் வழிய அவன் கத்தினான். வாடகைக் கேமரா தப்பித்ததைவிட ஷாட் பாதியில் நிற்கக் கூடாது என்பதுதான் அவனுக்குக் கவலை.

அவள் எழுந்து நின்றாள். கையில் வைத்திருக்க முடியாத கனம். அதனால் தோளில் வைத்தாள். வைத்ததும் கனம் போன இடம் தெரியவில்லை. தோளில் வந்து உட்கார்ந்துகொண்டு, பழகின குழந்தை மாதிரி கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் உள்ளங்கை அகலத் திரை. எழுத்தெல்லாம் கடைப் பலகை மாதிரி பெரிசு. ஓடுகிறது என்பதைச் சொல்லும் சிவப்பு விளக்கு குருடனுக்கும் தெரியும். ஃபோகஸ் சரியாக விழுந்த இடத்தின் ஓரமெல்லாம் சிவப்புக் கோடு பூசிக் காட்டியது. இடது கை தானாக லென்ஸ் வளையத்துக்குப் போனது. தானே ஃபோகஸ் பண்ணும் கேமராக்கள் வருவதற்கு முன்னால் எத்தனை வருஷம் திருப்பிய கை அது. மறந்தா போகும்?

குளமே சிரித்துக்கொண்டிருந்தது. கோச்சம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல் டாக்டர் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தாள். இந்தத் தடவை யாரும் பல்லைக் காட்டவில்லை, நிஜமாகவே சிரித்தார்கள். அக்கா அவர்களை ஒவ்வொருவராகத் திரையில் பிடித்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு முகமும் மங்கலிலிருந்து எழுந்து வந்தது. கடைசியில் மீசை வந்தது.

இன்ஜின் சார் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு கைகளாலும். சிரிப்பில் உடம்பு பின்னால் சாய்ந்தது, கால் மேலே வந்தது. பெரிய மனுஷர், பெரிய வயிறு, ஆடி ஆடித் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பித்தார். அவருக்கே தெரியவில்லை.

கோச்சம்மா சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். எல்லாரும் அடங்கினார்கள். அக்கா மூச்சுக்கூட விடவில்லை.

இன்ஜின் சார் கூரையைப் பார்த்தபடி சிரித்து முடித்தார். பிறகுதான் அவருக்கு ஏதோ தோன்றியது.

"யாருங்க என்னப் புடிச்சிருக்கிறது?" என்றார்.

"யாரும் புடிக்கல சார்!" என்றாள் பல் டாக்டர்.

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு, மீசை நனையாமல், மிகவும் கவனமாக, ரயில் கூவுவது போல நீளமாக ஒரு கூவல் கூவினார். அந்தக் கண்ணாடிக் கூரையே அதிர்ந்தது. வீட்டுக்காரர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

* * *

சாயங்காலம் வீட்டில் டிவி முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தம்பி தலையில் துண்டோடு தும்மிக்கொண்டிருந்தான். முதலில் பெரிசில் எடுத்ததைப் போட்டான்.

"என்னடா மாப்ள, சாம்பல் பூசின மாதிரி இருக்கு? தண்ணி உள்ள போயிடுச்சா?" என்று வீட்டுக்காரர் பதறினார்.

"அது அப்படித்தான் மாமா வரும். மாவு மாதிரி. தோசை நாமதான் சுடணும்." அவன் கலரை ஏற்றினான். டிவிக்குள் வெயில் விழுந்தது. தண்ணீர் தங்கமாக ஆடியது, தண்ணீருக்கு அடியில் நீலக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அக்கா வாயைத் திறந்தபடி பார்த்தாள். நல்லாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"இப்போ உன்னோடது," என்று தம்பி அடுத்த கார்டைப் போட்டான்.

முதல் துண்டு கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"டிக் டிக்!" என்றான் தம்பி, விஷயம் புரிந்துவிட்டது. "அக்கா, ரெண்டு தடவ அமுக்கினியா?"

"இல்லடா. எங்க அமுக்கினேன்?"

அடுத்தது அவளுடைய செருப்பு. ஈரத் தரையில் சளக் சளக் என்று நடந்தது. அடுத்தது கூரை. அதற்கடுத்து அவள் சட்டைப் பொத்தான், அடேயப்பா எவ்வளவு துல்லியமாக. ஒரு குழாய். கோச்சம்மாவின் கட்டைவிரல். மூஞ்சியைத் தேடிப் பிடிக்கும் கேமரா என்று அவள் பெருமையடித்த அதே கேமரா, வீட்டுக்காரரின் முழங்காலைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் பண்ணியிருந்தது.

"மாமா முட்டிக்கு மூஞ்சிக் களை இருக்கு," என்றான் தம்பி. சொன்னதும் அவனால் அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் சோபாவிலிருந்து சரிந்தார். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆனால் விரலிடுக்கு வழியாகச் செருப்பு மறுபடி வந்ததும் அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. போச்சு, எல்லாம் போச்சு, சின்னதும் போச்சு, என்று நினைத்துக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அப்போது டிவியில் பெஞ்சின் ஓரம் தெரிந்தது. குரல் கேட்டது.

"அது வந்தா அவன் கைலதானே இருக்கும். நான் பை தூக்கிட்டு பின்னாடி போகணும். அவன்கிட்ட சொல்லிடாதீங்க..."

அக்கா ரிமோட்டுக்குப் பாய்ந்தாள். அது வீட்டுக்காரருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் எல்லாம் சொல்லி முடிந்துவிட்டது, 'எனக்கு வேற என்ன தெரியும்' வரைக்கும்.

தம்பி துண்டால் முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். டிவி தன் பாட்டுக்கு அடுத்த துண்டுக்குப் போனது.

அது பெஞ்சில் இருந்து எடுத்தது. துண்டின் மேல் வைத்த கேமரா குளம் முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் பிடித்திருந்தது. நடுவில் தம்பி, கழுத்தளவுத் தண்ணீரில். சுற்றிலும் சிரிப்பு. இன்ஜின் சார் கம்பியை விடுவதும், மிதப்பதும். அதற்கெல்லாம் முன்னால், குளத்தோரத்தில் காலை அகட்டி நின்றுகொண்டு, தோளில் பெரிய கேமராவோடு ஒரு பொம்பளை. முன் தலைமுடி ஈரம், சட்டையில் குப்புற விழுந்த அழுக்கு. இடது கை வளையத்தைத் திருப்புகிறது. சிரிக்கிறாள், ஆனால் தோள் ஆடவில்லை.

"யாருடா அது?" என்றாள் அக்கா. கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஊரில் எல்லாரையும் இரண்டிரண்டு படம் எடுத்தவளுக்கு, தான் வேலை செய்யும்போது எப்படி இருப்போம் என்று தெரியாது.

"மிதக்கிற ஷாட் நீ எடுத்ததுதான்க்கா. பெரிசப் போட்டப்பவே பாத்தேன்ல," என்றான் தம்பி. "கையால ஃபோகஸ் பண்ணியிருக்க. எனக்கு அது பத்துல ரெண்டு தடவை ஒழுங்கா வந்தா பெரிய விஷயம்." மூக்கை உறிஞ்சினான். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல? அந்தப் பை வேற யாராவது தூக்கட்டும். சின்னதே வாங்கிடுவோம். உன் கைக்கு வாகா இருக்கும். இந்த பெஞ்சு ஷாட்டப் பாரு, சும்மா வச்சதுக்கே இப்படி எடுத்திருக்கு. யாரும் அதக் கண்டுக்கவே இல்ல."

"யாருக்கு வேணும் சின்னது?" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அதுல எழுத்தே தெரியல. எப்ப ஓடுது, எப்ப நிக்குதுன்னு அந்த கேமராவுக்கே தெரியல. பெரிசுல எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. என் வயசுக்கு அதுதான் சரி. தோள்ல வச்சா பேசாம உக்காந்துக்குது. படம் எடுக்க நம்ம பழசு இருக்கு, நீதான சொன்ன?"

"அப்போ பெரிசா?" தம்பிக்குக் குழப்பமாகிவிட்டது. "நாந்தானே பெரிசு கேட்டேன்?"

"நீ கேட்ட. ஆனா புடிக்கப் போறது நான். நீ முன்னாடி பாத்து நடக்கக் கத்துக்க முதல்ல."

"அப்போ நான் என்னத்தப் புடிக்கிறது?"

"வேலைக்கு ரெண்டு வேணும்னா சின்னத வாடகைக்கு எடுப்போம். யாரும் பாக்காத எடத்துல போய் உக்காந்து எடு. வேணும்னா மாத்தி மாத்திப் புடிப்போம். நாய்க்குட்டியா அது, ஒருத்தர் கிட்டயே இருக்க?"

தம்பி யோசித்தான். "ஊரெல்லாம் சின்னத வாங்கிட்டுப் பெரிச வாடகைக்கு எடுக்கும். நாம தலைகீழா?"

"இன்னைக்கு பூரா நான் எடுத்ததே தலைகீழ்தானடா," என்றாள் அக்கா.

"ரெண்டு வயர்," என்று வீட்டுக்காரர் தரையிலிருந்து கையைத் தூக்கி ஞாபகப்படுத்தினார்.

* * *

கோச்சம்மாவுக்குக் கொடுத்த வீடியோ அந்தக் கூவலில்தான் முடிந்தது. பெஞ்சிலிருந்து ஒரு முறை, தோளிலிருந்து ஒரு முறை என்று தம்பி இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்திருந்தான். உன்னதமான உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்துவிட்டு, "யாருங்க என்னப் புடிச்சிருக்கிறது?" என்பதை மட்டும் விட்டிருந்தான். கோச்சம்மா போனில் சிரித்து முடிக்கவே நேரமானது. இன்ஜின் சார் அதைத் தன்னோடு வேலை செய்யும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாராம்.

கேமரா கடையில் வாடகைக்குக் கொடுத்த அதே மனிதர் மேசைக்குப் பின்னால் நின்றார்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"பெரிசு," என்றாள் அக்கா.

"தம்பி சாருக்கா?"

"எங்க அக்காவுக்கு," என்றான் தம்பி. "நான் அவங்களோட ரெண்டாவது கேமரா. தண்ணி ஷாட் ஸ்பெஷலிஸ்ட்."

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, பேட்டரி சொருகி, கேமராவை மேசைமேல் வைத்தார். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேமராவைத் தோளில் ஏற்றினாள். திரையில் தம்பி வந்தான், தலையைக் கோதிக்கொண்டு. வீட்டுக்காரர் வந்தார், மைக் வயர் சொருகும் ஓட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு. அவள் வளையத்தைத் திருப்பி இரண்டு பேரையும் தெளிவாக்கினாள். விரல் பொத்தானைத் தேடியது.

டிக், டிக்.

சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"அக்கா! ஒண்ணு போதும்!" என்று தம்பி கத்தினான்.

"தெரியுதுடா, இதுலதான் எல்லாம் தெரியுதே," என்று அவள் தோள் ஆடாமல் சிரித்தாள். "அப்படியே இருங்க. இன்னொண்ணு."